பூச்சடையும் பிஞ்சுத் தலையும்

குழந்தைகளைப் படம் பிடிக்கும் தொழிலில், காமிராவின் முன் செலவாகும் நேரத்தைவிட அதற்கு முன் நடக்கும் வாதப் பிரதிவாதங்களில் செலவாகும் நேரமே அதிகம். கல்யாணப் படத்தில் இந்தச் சிரமம் கிடையாது. மணமகளின் தலையில் என்ன இருக்க வேண்டும் என்பது அவள் வீட்டிலேயே தீர்மானமாகி வந்துவிடும். ஆனால் பத்து மாதக் குழந்தை ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு குடும்பம் ஸ்டுடியோவின் படியேறி வந்துவிட்டால், அந்தக் குழந்தையின் தலையில் பூ வைப்பதா, ரிப்பன் கட்டுவதா, சவுரி சேர்த்துச் சடை பின்னுவதா, அல்லது ஒன்றும் வைக்காமல் கடவுள் கொடுத்தபடியே விட்டுவிடுவதா என்ற விஷயத்தில் கூட வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். ஒருவர் அபிப்பிராயம் மற்றொருவருக்குப் பிடிக்காது. அந்த வாதங்களின் நடுவில் என் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற ஒரே உரிமையில், இதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் என் தகப்பனார் நடத்திவந்த ஸ்டுடியோவில் 1960களின் நடுவில் நான் அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். அக்காலத்தில் குழந்தைப் படம் என்றால் அது பெரும்பாலும் மொட்டைக்கு முந்திய படந்தான். பிறந்த முடியை ஒன்று, மூன்று என்னும் ஒற்றைப்படை வயதில் குலதெய்வத்தின் சந்நிதியில் இறக்குவது எங்கள் பக்கத்துச் சம்பிரதாயம். குலதெய்வம் ஏதோ ஒரு கிராமத்து ஐயனாராக இருக்கலாம். சுவாமிமலை முருகனாக இருக்கலாம். வைத்தீசுவரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்களும் உண்டு. முடி இறக்கி, தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்திவிட்டால் குழந்தையின் முகமே வேறாகிவிடும். அதற்கு முன்பு, தாயின் வயிற்றிலிருந்தே கொண்டுவந்த அந்த மிருதுவான முடி இருக்கும்போதே, அதில் பூ வைத்து, சுட்டி கட்டி, பொட்டிட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அநேகமாக எல்லா வீட்டுப் பாட்டிமார்களுடைய ஆசையாக இருந்தது. “நாளைக்கு இந்நேரம் இந்த முடி இருக்காது தம்பி, நல்லா விழற மாதிரி எடு” என்று அவர்கள் என்னிடம் சொல்லும்போது, அந்தச் சொல்லில் இருந்த ஆற்றாமையை நான் ஒருபோதும் அற்பமாக நினைத்ததில்லை.

வசதியுள்ள வீடுகளில் நகைகளைத் தாங்களே கொண்டுவருவார்கள். இல்லாதவர்களுக்காக எங்கள் ஸ்டுடியோவில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதில் நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்த கெம்புக்கல் நகைகளை என் தகப்பனார் வாங்கி வைத்திருந்தார். நெற்றிச்சுட்டி, சூரியப் பிரபை, சந்திரப் பிரபை, ராக்கொடி, சடைவில்லை, மூன்று குஞ்சலங்கள், இரண்டு விதமான சவுரி எல்லாம் அதில் இருந்தன. அறுவடைக் கூலிக்குப் போகும் வீட்டுப் பெண்மணி ஒருத்தி தன் மகளை அந்த நகைகளால் அலங்கரித்துப் பார்த்து, சிறிது நேரம் பேசாமல் நின்றதை நான் கண்டிருக்கிறேன். குழந்தைக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்கும் படித்தவர்கள், அந்தப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அங்கே நின்றிருந்தால், தங்கள் கேள்வியைச் சற்று வேறுவிதமாகக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். அலங்காரம் என்பது பணக்கார வீட்டுக் குழந்தைக்கு ஒரு வழக்கம். ஏழை வீட்டுக் குழந்தைக்கோ அது ஒரு மரியாதை.

எனக்குக் கல்யாணமான பிறகு அந்தப் பெட்டி என் மனைவியின் பொறுப்பில் வந்தது. குழந்தையின் தலையில் எதைக் கட்டலாம், எதைக் கட்டலாகாது என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவளிடம் கற்றதுதான். பெரிய பெண்ணுக்குப் பூச்சடை தைப்பவர்கள் வாழைப்பட்டையை அடியில் கொடுத்து, அதன்மேல் மல்லிகை மொட்டுகளை வரிசையாகத் தைத்து, தலையில் அசையாமல் நிற்க ஊசிகளால் இறுக்குவார்கள். வயதுக்கு வந்த பெண்ணின் அடர்ந்த கூந்தல் அந்தப் பாரத்தைத் தாங்கும். குழந்தையின் பூனை முடி தாங்காது. ஆகையால் அவள் சடையை முடியில் கட்டவே மாட்டாள். பூவை ஒரு பருத்தி நாடாவில் தைத்து, அந்த நாடாவைப் பாவாடைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் நூலால் பிணைத்துவிடுவாள். பாரம் முழுவதும் சட்டையின் மேல் விழும். உச்சியில் இரண்டு சிறு சரங்களை வளைத்து வைத்தால், சடை தலையிலிருந்தே தொங்குவதுபோல் காமிராவுக்குத் தெரியும். ரப்பர் வளையத்தை அவள் தொடுவதில்லை. அது கழற்றும்போது முடியோடு வரும். நனைத்த வாழைநாரைத்தான் பயன்படுத்துவாள். கொண்டை ஊசி, ஹேர்பின் இரண்டும் அந்தப் பெட்டியில் கிடையாது. வாடிக்கையாளர்கள் கொண்டுவந்தாலும் வாங்கித் தனியே வைத்துவிட்டு, போகும்போது திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

பூக்களிலும் பேதம் உண்டு. தாழம்பூ வாசனைக்கும் நிறத்துக்கும் பெயர் பெற்றது. ஆனால் அதன் மடலின் ஓரத்தில் வரிசையாக முள் இருக்கிறது. அந்த ஓரத்தை நறுக்காமல் சடையில் வைத்தால் பிஞ்சுக் கழுத்தில் கோடு கோடாகக் கீறிவிடும். நெருக்கமாகக் கட்டிய மல்லிகைக்குள் எறும்பு இருக்கும். உதறிப் பார்க்காமல் குழந்தையின் காதருகில் கொண்டுபோகலாகாது. மரிக்கொழுந்தின் நெடி சில குழந்தைகளுக்குத் தும்மலை வரவழைக்கும். குழந்தைக்கு ஏற்ற பூ எது என்று என்னைக் கேட்டால், கனகாம்பரம் என்று தயங்காமல் சொல்வேன். அதற்குப் பாரம் இல்லை, மணம் இல்லை, முள் இல்லை. சீக்கிரம் வாடுவதும் இல்லை. ஆயினும் கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் நாங்களே அதை வேண்டாமென்று சொல்லி மல்லிகையை வற்புறுத்தினோம். அதற்குக் காரணம் இருந்தது. அந்நாளில் பல ஸ்டுடியோக்களில் பயன்பட்ட ஆர்த்தோ வகைப் பிலிம் சிவப்பு நிறத்தை உணராது. சிவப்புக்கு அடுத்த செம்மஞ்சளையும் சரிவர உணராது. கறுத்த முடியில் வைத்த கனகாம்பரம் படத்தில் கறுப்போடு கறுப்பாகக் கலந்துவிடும். மல்லிகையோ பளிச்சென்று விழும். பிற்பாடு படத்தின் மேல் சாயம் தீட்டித் தரச் சொல்பவர்களுக்கு மட்டும், மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பூவாகக் கனகாம்பர நிறம் கொடுப்போம்.

சடைப் படம் என்றால் நிலைக்கண்ணாடி இல்லாமல் முடியாது. குழந்தையின் முகமும் தெரிய வேண்டும், முதுகில் தொங்கும் சடையும் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தப் படத்தின் நோக்கம். குழந்தையைப் பக்கவாட்டில் நிறுத்தி, பின்னால் கண்ணாடியைச் சாய்கோணத்தில் வைத்து, காமிராவின் பிம்பமும் விளக்கின் பிம்பமும் அதில் விழாதபடி நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். பார்ப்பவர்களுக்குத் தெரியாத சங்கடம் ஒன்று இதில் உண்டு. கண்ணாடியில் தெரியும் சடை கண்ணாடியின் பரப்பில் இருப்பதில்லை. உண்மையான சடை கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதாகவே லென்ஸ் அதைக் காண்கிறது. முகத்துக்குக் குவியத்தைச் சரிசெய்தால் சடை மங்கும். சடைக்குச் சரிசெய்தால் முகம் மங்கும். இரண்டும் துலங்க வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். எட்டாம் எண்ணிலிருந்து பதினாறாம் எண்ணுக்குச் சுருக்கினால் நான்கு மடங்கு நேரம் ஒளியை விட வேண்டும். அந்த நேரம் முழுவதும் குழந்தை அசையாமல் நிற்க வேண்டும். பெரியவர்களுக்கே அரிதான அந்தக் காரியத்தை ஒரு வயதுக் குழந்தையிடம் எதிர்பார்த்தால் முடியுமா? ஆகையால் தாயை ஒரு திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, திரையின் இடைவெளி வழியாகக் குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொள்ளச் செய்வோம். விக்டோரியா மகாராணியின் காலத்து இங்கிலாந்தில் தாயின் மேல் துணியைப் போர்த்தி மூடி, அவள் மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்ததும் இதே காரணத்தால்தான்.

இத்தனைக்கும் மேலே, இருபுறமும் எரியும் ஐந்நூறு வாட் விளக்குகள். அந்த உஷ்ணத்தில் மொட்டு வாடும், பொட்டு கரையும், குழந்தைக்கு வேர்வை வழியும். அலங்காரத்தில் ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் அது அப்போதுதான் குழந்தைக்கு உறைக்கும். இதைச் சொல்லும்போது ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். நெற்றிச்சுட்டியையோ ரிப்பனையோ இறுக்கிக் கட்டி வீட்டிலிருந்து அழைத்துவந்த குழந்தைக்கு, அது கோணலாக இருக்கிறது என்று கழற்றித் திரும்பக் கட்டும்போது, நெற்றியில் செந்நிறமாக ஒரு வரி பதிந்திருக்கும். தாயின் கண்ணுக்கு அது லேசான சிவப்பாகத் தெரியும். தேய்த்தால் போய்விடும் என்று அவள் நினைப்பாள். ஆனால் சிவப்பைக் கறுப்பாக்கிவிடும் அந்தப் பிலிமில், கீறிய கோடுபோல் அது கறுத்து விழுந்திருக்கும். நெகடிவின் மேல் கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டு அந்தக் கோட்டை மறைப்பது என் வேலை. இரவில் உட்கார்ந்து அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்த காலத்தில்தான், குழந்தையின் தலையலங்காரம் என்பது வெறும் ரசனையைப் பற்றிய விஷயம் அல்ல என்ற எண்ணம் என் மனத்தில் ஊன்றியது. அதன் பின்பு, கட்டிய எதற்கும் தோலுக்கும் நடுவே என் இரண்டு விரல்கள் தாராளமாக நுழைந்தால்தான் படம் எடுப்பேன். இல்லாவிட்டால் அவிழ்க்கச் சொல்லிவிடுவேன். இதற்காகக் கோபித்துக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனவர்களும் உண்டு.

இனி, வாதங்களிலெல்லாம் பெரிய வாதத்துக்கு வருகிறேன். ஆண் குழந்தைக்குப் பூ வைக்கலாமா? பாட்டி பாவாடை சட்டை, பூச்சரம், வளையல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருப்பார். குழந்தையின் தகப்பனுக்கு அது ஸ்டுடியோவுக்குள் வந்த பிறகுதான் தெரியும். “ஆம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் என்ன வேஷம்?” என்று அவர் சொல்ல, “மாப்பிள்ளே, நீங்ககூட இப்படி ஒரு போட்டோ எடுத்திருக்கீங்கன்னு உங்க அம்மா காட்டினாங்களே” என்று மாமியார் பதில் சொல்ல, அவர் வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தக் காட்சி பாத்திரங்கள் மாறி மாறி அடிக்கடி நடந்திருக்கிறது. பெண் குழந்தைக்கு ஏங்கிய வீட்டில் அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கொள்ள இப்படிச் செய்வார்கள். ஆண் குழந்தையின் மேல் கண் படாமல் இருக்க இப்படி வேஷம் மாற்றுவதும் உண்டு. இவை எதுவும் இல்லாமல், மொட்டைக்கு முன் முடியின் அழகு பதிவாக வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் செய்பவர்களே அதிகம்.

இந்த விஷயத்தில் என் பட்சம் பாட்டிமார்களின் பட்சமே. குழந்தை கண்ணனுக்குப் பூச்சூட்ட வரும்படி அழைத்து, செண்பகம், மல்லிகை, பாதிரி, இருவாட்சி என்று பூப்பூவாக எடுத்து வைக்கும் யசோதையின் வாய்மொழியாகப் பெரியாழ்வார் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அவன் குழலை வாருவதற்குக் காக்கையை அழைக்கும் பதிகமும் அவருடைய திருமொழியில் இருக்கிறது. பூச்சூடிய அந்தப் பிள்ளை ஆண் பிள்ளை என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் நாட்டில் மட்டும் இப்படி என்றும் எண்ண வேண்டாம். 1884-ஆம் ஆண்டு எடுத்த படம் ஒன்றில், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இரண்டரை வயதுக் குழந்தையாக, தோள்வரை புரளும் கேசத்தோடு, வெள்ளைப் பாவாடை உடுத்தி, இறகு வைத்த தொப்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அக்காலத்தில் அந்த நாட்டு ஆண் குழந்தைகள் சில வயது வரை பாவாடைதான் உடுத்தினார்கள். நம் வீடுகளிலும் வளையல், பொட்டு, கொலுசு, அரைஞாண், காதணி ஆகியவற்றை முதல் வயதில் ஆண், பெண் என்ற பேதமின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் போட்டார்கள். சிசுப் பருவத்தின் அலங்காரம் அது. பாலினத்தின் அடையாளம் அன்று. ஆண் குழந்தைக்குப் பூ வைத்தால் அவன் ஆண்மைக்குக் குறைவு என்று பயப்படுவது நம் முன்னோரிடம் இல்லாத ஒரு பயம். வளர்ந்து ஆளான பிறகு அந்தப் படத்தின் பிரதி கேட்டு வந்த ஆண்கள் சிலரை நான் அறிவேன். வெட்கப்பட்டு அழித்துவிடச் சொன்னவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் தகப்பனுடைய ஆக்ஷேபத்தை மீறி நான் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. பிள்ளையின் பொருட்டு வீட்டில் ஒரு மனஸ்தாபம் கிளம்புவது எந்தப் படத்துக்கும் தகுந்த விலை ஆகாது.

எல்லாச் சமூகத்தவருக்கும் இந்தச் சிக்கல் ஒரேவிதமாக இருந்ததில்லை. முஸ்லிம் வீடுகளில் பிறந்த ஏழாம் நாளே அகீகா செய்து முடி இறக்கி, அந்த முடியின் எடைக்கு எடை வெள்ளியைத் தானம் செய்வார்கள். சடைப் படம் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. ஜரிகை வேலை செய்த சிறு தொப்பி அணிவித்து அழைத்துவருவார்கள். கிறிஸ்தவ வீட்டுக் குழந்தைகள் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை லேஸ் வைத்த குல்லாவோடு வருவார்கள். அதன் நாடாவைத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுவதில் மட்டும் நான் குறுக்கிட்டுத் தளர்த்துவேன்.

எங்கள் தெருக்கோடியில் குழந்தை வைத்தியர் ஒருவர் இருந்தார். மாலையில் கடைக்கு வந்து உட்காருவார். அலங்காரம் கூடவே கூடாது என்று சொல்பவர் அல்லர் அவர். ஆனால் ஒவ்வொரு பயத்தையும் அதனதன் அளவில் நிறுத்தி வைக்கத் தெரிந்தவர். தலையில் பட்டை கட்டினால் உச்சிக்குழி அழுந்தி மூளை வளராது என்று சிலர் பயப்படுவார்கள். முன் உச்சிக்குழி சாதாரணமாகப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் மூடிக்கொள்ளும் என்றும், மெல்லிய துணிப் பட்டை ஒன்றால் மூளையின் வளர்ச்சி நின்றுவிடாது என்றும், ஆனாலும் ராக்கொடி போன்ற கனமான உலோகத்தை அந்த இடத்தில் அழுத்தி வைக்க வேண்டிய அவசியம் என்ன என்றும் அவர் கேட்பார். ரிப்பன் கட்டியதால்தான் முடி கொட்டிவிட்டது என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்களிடம், பிறந்த முடி முதல் சில மாதங்களில் தானே உதிர்வது இயற்கை என்றும், பின்னந்தலை வழுக்கையாவது படுக்கையில் உரசுவதால் என்றும் எடுத்துச் சொல்வார். தினந்தோறும் குடுமியை இழுத்து இறுக்கிக் கட்டினால் வேர் கெடும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுவார்.

அவர் சொன்னவற்றுள் என்னை உலுக்கியது வேறொன்று. உதிர்ந்த ஒரு நீள முடியோ நூலோ குழந்தையின் கைவிரலிலோ கால்விரலிலோ சுற்றிக்கொண்டு, யாரும் கவனிக்காமல் இறுகி, விரல் வீங்கி இரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலைக்கு வந்த குழந்தைகளை வைத்தியர்கள் காண்கிறார்கள் என்றார். நிற்காமல் அழும் குழந்தையின் காலுறையைக் கழற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம் என்றும் சொன்னார். அன்று முதல் சவுரி வைத்த குழந்தைக்கு, படம் முடிந்ததும் சட்டையை உதறி, விரல் இடுக்குகளைத் துடைத்துவிட்டுத்தான் என் மனைவி தாயின் கையில் கொடுப்பாள்.

ஏறக்குறைய ஐந்து, ஆறு மாதத்தில் குழந்தை கையில் அகப்பட்டதை எல்லாம் வாயில் வைக்கத் தொடங்குகிறது. மூன்று வயது நிறையாத குழந்தைகளின் பொருள்களைச் சோதிப்பதற்குப் பல நாடுகளில் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கிவிடும் எந்தப் பொருளும் குழந்தையின் தொண்டையை அடைக்கக் கூடியது என்று கொள்வார்கள். எங்கள் தொழிலில் 35 மில்லிமீட்டர் பிலிம் சுருள் வரும் பிளாஸ்டிக் டப்பா ஏறக்குறைய அந்த அளவு உள்ளதுதான். எனவே மேசைமேல் காலி டப்பா ஒன்று எப்போதும் இருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவரும் முத்துக் கிளிப், மணி கோத்த வளையம், பட்டாம்பூச்சி எதுவானாலும் முதலில் அதில் போட்டுப் பார்ப்பேன். உள்ளே போய்விட்டால் அது குழந்தையின் தலைக்குப் போகாது. தாய்மார்கள் இதைப் பார்த்தவுடனேயே புரிந்துகொள்வார்கள். நீண்ட பிரசங்கம் எதுவும் தேவைப்பட்டதில்லை.

வண்ணப் படமும், பிறகு டிஜிட்டல் காமிராவும் வந்து, விளக்கின் வெப்பமும் கண்ணாடியின் சங்கடமும் தொலைந்த காலத்தில், அலங்காரமும் மாறியது. பூச்சடை அருகி, எலாஸ்டிக் வைத்த தலைப்பட்டை வந்தது. முடியே முளைக்காத பெண் சிசுவின் தலையில் ரோஜா நிறத்தில் ஒரு பட்டையும், அதில் முகத்தைப் பாதி மறைக்கும் துணிப்பூவும் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஏன் என்று கேட்டால், “பையனா பொண்ணான்னு எல்லாரும் கேக்கறாங்க சார்” என்கிறார்கள் பெற்றோர். முன்பு சிசுவுக்குப் பொதுவாக இருந்த அலங்காரம் இப்போது பெண் என்று அறிவிக்கும் பலகையாகிவிட்டது. பார்ப்பவருடைய ஐயத்தைத் தீர்ப்பது குழந்தையின் கடமை அன்று என்பது என் துணிபு. ஆனால் என் ஆக்ஷேபம் அதைப் பற்றியது மட்டும் அல்ல. பூச்சரம் சில மணி நேரத்தில் வாடும், வாடினால் எடுத்துவிடுவார்கள். எலாஸ்டிக் வாடுவதில்லை. காலையில் மாட்டியது மாலைவரை தலையில் இருக்கும். அதோடேயே குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள். புரண்டு படுக்கும்போது அது கண்ணுக்கு இறங்கும், மூக்குக்கு இறங்கும், கழுத்துக்கு இறங்கும். தூங்கும் குழந்தையால் அதை விலக்க முடியாது. கடைகளில் மினுக்கும் விளக்கு வைத்த கிளிப்பும் விற்கிறார்கள். அதனுள் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பாட்டரி இருக்கிறது. குழந்தை அதை விழுங்கி, அது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். அப்படிப்பட்ட ஒன்றை அழகுப் பொருள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அலங்காரமே வேண்டாம் என்பவர்கள் அந்நாளிலும் இருந்தார்கள், இப்போது அதிகமாகியிருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியை ஒருவர் தம் பெண் குழந்தையைப் படம் எடுக்க அழைத்துவந்தார். கூடவே மாமியார் கனகாம்பரச் சரமும் சுட்டியுமாக வந்தார். “அவளுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது அத்தை, அதனால அவளுக்காக நான் சொல்றேன்” என்றார் ஆசிரியை. “உன் பேச்சு நியாயந்தான் கண்ணு. ஆனா எனக்கு ஆசை இருக்கக் கூடாதா?” என்றார் அந்த மூதாட்டி. இரண்டு வார்த்தைகளிலும் பொய் இல்லை என்பதால் எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. என் மனைவிதான் வழி கண்டாள். அந்தக் கனகாம்பரத்தைப் பாட்டியின் தலையிலேயே வைத்து, ஒன்றும் வைக்காத பேத்தியை அவர் மடியில் அமர்த்தச் சொன்னாள். குழந்தை பூவைப் பிடிக்கக் கையை நீட்டிய தருணத்தில் படம் எடுத்தேன். அவர்கள் இருவருமே அதன் பிரதியைத் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

இவ்வளவு காலம் பார்த்ததில் என் முடிவு இது. குழந்தையை அலங்கரிப்பது பாவமும் அன்று, அவசியமும் அன்று. அது பெரியவர்களுடைய ஆசை. அந்த ஆசையில் அன்பு இருக்கிறது, ஆகையால் அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த ஆசைக்கு ஒரு கால அளவு உண்டு. அந்த அளவைக் குழந்தைதான் நிர்ணயிக்கும். பேசத் தெரியாத குழந்தைக்கும் தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்கத் தெரியும். சில குழந்தைகள் பூவையும் சுட்டியையும் தாங்கிக்கொண்டு கண்ணாடியில் தங்களையே பார்த்துச் சிரிக்கும். சில குழந்தைகள் கையைத் தலைக்குக் கொண்டுபோய் இழுக்கும். தலையை இருபுறமும் ஆட்டும். காதைத் தேய்த்துக்கொண்டு முகத்தைத் தாயின் தோளில் புதைக்கும். அதற்கு மேல் கிலுகிலுப்பை ஆட்டி ஏமாற்றி எடுக்கும் படத்தில் குழந்தையின் முகம் இருக்காது. அழுகையை அடக்கிய முகந்தான் இருக்கும். அப்படி இழுக்கும் குழந்தைக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டு, அப்படியே எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

குழந்தையைப் படம் எடுக்க அழைத்துப் போகும் பெற்றோர்களுக்கும் பாட்டி தாத்தாக்களுக்கும் நான் சொல்லிக்கொள்ள விரும்புவது கொஞ்சந்தான். பூ வையுங்கள், ஆண் குழந்தையாயினும் வையுங்கள், யாராவது வேண்டாம் என்றால் அதற்காகச் சண்டையிடாதீர்கள். இறுகுவது, குத்துவது, விழுங்கக் கூடிய அளவில் சிறிதாயிருப்பது எதுவும் தலையில் வேண்டாம். அலங்காரத்தோடு ஒரு படம் எடுத்தால், ஒன்றும் இல்லாமல் அதே தலையை இன்னொரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; மொட்டைக்குப் பிறகு வளரும் முடி வேறு. படம் முடிந்தவுடன், வீட்டுக்குப் போய்க் கழற்றிக்கொள்ளலாம் என்று காத்திராமல், ஸ்டுடியோவிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வண்டியில் ஏறியதும் குழந்தை தூங்கிவிடும்.